நீல விளக்கைப் பார்க்காதவர்

தெய்வசிகாமணி குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோயம்புத்தூரில் மரியாதைக்குப் பஞ்சம் கிடையாது என்றாலும், அவர் அதிலும் ஒரு படி மேலே. பால் கொண்டுவருகிறவருக்கு 'ங்க', ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற ஆட்டோவுக்கும் 'ங்க', பதினான்கு வயது மகள் யாழிசைக்கும் 'ங்க'. பம்ப்செட் கம்பெனிகளுக்கு இரும்பு வார்ப்புகளைச் சோதித்துத் தேறியது எது, தேறாதது எது என்று பிரித்துக் கொடுப்பது அவர் தொழில். வார்ப்பை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சொல்வதும் நயமாகத்தான் இருக்கும். "அருமையா ஊத்தியிருக்கீங்க. ஆனா எடுத்துக்க முடியாதுங்க." பட்டறைகளில் அவருக்கு 'ஆனா சார்' என்று பெயர். அது அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் பெருமைதான் பட்டிருப்பார்.

பட்டறையோடு அது நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டிலும் ரசம் அருமை, ஆனா புளி ஒரு பிடி கூடிவிட்டது. மகள் வரைந்த படம் பிரமாதம், ஆனா மரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மனைவி கோகிலா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால் நிறம் எடுப்பாகத்தான் இருக்கிறது, ஆனா. பல நாள் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எதுவும் வராது. அவர் சிரித்துக்கொண்டே செய்தித்திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். மீதியைக் கோகிலா தானே யோசித்துக் கண்டுபிடித்து, புடவையை மாற்றிக்கொண்டு வருவாள்.

அந்த வருடங்களில் கடலில் பவளத்தைத் தொடக் கூடாது, வண்ண மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் கெட்டியாகிவிட்டது. கடைக்கு வந்தது எல்லாமே பண்ணையில் பிறந்து வளர்ந்தது. கடலையே பார்க்காத கடல் மீன்கள், கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிற எங்கள் ஊர் வரவேற்பறைகளில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நீந்த ஆரம்பித்தன. தெருவில் எல்லார் வீட்டிலும் வந்தபின் தெய்வசிகாமணியும் ஒன்று வாங்கத் தீர்மானித்தார். தன் வீட்டுத் தொட்டி மட்டும் பிசகு இல்லாத தொட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வடவள்ளியில் கடை வைத்திருந்த பெர்னதெத் தூத்துக்குடிக்காரி. ஐம்பது வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு தெய்வசிகாமணி உள்ளே நுழைந்தபோது, அவள் ஒரு சின்னக் கரண்டியால் பவளத்துக்குத் தீனி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெரிய தொட்டி சார் யோசிச்சிருக்கீங்க?"

"சின்னதுங்க. ஹால்ல டிவிக்குப் பக்கத்துல வைக்கற மாதிரி."

"சின்னதுன்னா ரொம்ப யோசிச்சு எடுக்கணும் சார். பெரிய தொட்டியில ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகலைன்னா தள்ளிப் போயிரலாம். சின்னதுல எங்க போறது? ஒளிய இடம் கம்மில்லா."

அவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். வரி வரியாகக் கோடு போட்ட ஒரு குட்டி மீனைக் காட்டி, கோடு நேராக இருக்கிறது, இது வேண்டும் என்றார். பெர்னதெத் தலையாட்டினாள். "அது வேண்டாம் சார். பாக்க ஒழுங்காத்தான் இருக்கும். ஆனா பாறை முழுக்கத் தன்னுதுன்னு சுத்திச் சுத்தி வரும். மத்ததுக்கு மூச்சு முட்டும்." அதனால் கோமாளி மீன் ஒரு ஜோடி எடுத்தார்கள். மணலில் பொந்து தோண்டுகிற ஒரு இறாலும், அந்தப் பொந்து வாசலில் காவல் காக்கிற ஒரு மஞ்சள் மீனும் சேர்ந்தே வந்தன. கண் தெரியாத இறால், ஒரு மீசையை எப்போதும் அந்த மீனின் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்துக் கோகிலா சிரித்தாள். பவளத்தில் தெய்வசிகாமணி சுத்தியல் பவளத்தைக் கேட்டார். அது தன் கைகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுடும், அதைத் தள்ளித் தனியாக வைக்க வேண்டும் என்று பெர்னதெத் சொல்லிக் கொடுத்தாள். வட்டம் வட்டமான காளான் பவளங்களும் கொஞ்சம் எடுத்தார்கள். அவற்றுக்கு யாரோடும் வம்பில்லை.

யாழிசை மட்டும் ஓரத்தில் ஒரு தொட்டியை விட்டு நகரவில்லை. உள்ளே, முன்பாதி வெண்மையும் பின்பாதி தீப்பிடித்த நிறமுமாக ஒரு மெல்லிய மீன், முதுகில் நிமிர்ந்த ஒற்றை இழையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"நெருப்பு மீன் பாப்பா அது. ரொம்பக் கூச்சம். லேசா பயந்தாலும் பொந்துக்குள்ள போயிரும். அப்படியே தீனி எடுக்காமச் செத்தும் போகும்."

யாழிசை தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை.

"எடுத்துக்குங்க கண்ணு," என்றார் தெய்வசிகாமணி தாராளமாக. பிறகு பெர்னதெத்திடம், "எங்க வீடு சத்தமே இல்லாத வீடுங்க. அங்க அதுக்கு என்ன பயம்?" என்றார்.

கோகிலா இறாலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

பணம் கட்டுகிற இடத்தில்தான் பெர்னதெத் நீர்ச்செவியை எடுத்து வைத்தாள். பேனா அளவில் ஒரு குச்சி. கூடவே தொட்டியின் அடியில் ஒட்டுகிற ஒரு பட்டை விளக்கு.

"பயந்தா மீன் தண்ணியில ஒரு வாசனைய விடும் சார். பவளமும் விடும். நமக்குத் தெரியாது. இந்தக் குச்சி அதை மோந்து பாத்துரும். தொட்டி நிம்மதியா இருந்தா விளக்கு நீலம். பயந்து கிடந்தா ஆரஞ்சு."

"யாரால பயம்னு சொல்லுமுங்களா?"

"அது சொல்லாது சார். நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"அதுதானுங்க என்ற தொழிலே," என்றார் அவர்.

நீர்ச்செவி வந்த புதிதில் ஊரே வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டது. போகப்போக வேடிக்கை குறைந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தில் கை வைப்பதற்கு முன் தொட்டியின் அடியை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையிலிருந்த தொட்டியை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்த அம்மாளை விளக்கைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். அவர் போன பிறகும் அந்த வீட்டு விளக்கு மாறவில்லை என்று கேள்வி. இப்படிப்பட்ட கதைகளையெல்லாம் தெய்வசிகாமணி ரசித்துக் கேட்பார். அடுத்த வீட்டு விரிசல் அவருக்குத் தூரத்திலிருந்தே கேட்கும்.

சொந்த வீட்டு விளக்கு ஆரஞ்சாகவே இருந்தது. புது இடம், பழகட்டும் என்று கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார். மாலையில் பட்டறை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் முதலில் அங்கேதான் பார்ப்பார். ஆரஞ்சு. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஆரஞ்சு. பிறகு அவர் தன் வேலையை ஆரம்பித்தார். கோமாளி மீன் ஜோடியில் பெரியது சின்னதைத் துரத்துகிறது என்று கண்டுபிடித்து, இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். விளக்கு மாறவில்லை. இறால் கொடுக்கைச் சொடுக்கி வெடிக்கிற சத்தம்தான் காரணம் என்று அதைக் கொடுத்தார். துணை போனதும் காவல் மீன் பொந்து வாசலிலேயே ஒடுங்கிக் கிடந்தது. சுத்தியல் பவளத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பெர்னதெத்திடம் "நல்ல உருப்படிங்க. ஆனா எங்க வீட்டுக்குச் சரிப்படலை" என்றார்.

நெருப்பு மீனை வந்த அன்று பார்த்ததோடு சரி. "அது செத்துப்போச்சுங்க கண்ணு," என்றார் ஒருநாள்.

"இல்லீங்கப்பா, நல்லா..." என்று ஆரம்பித்த யாழிசை, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்துத்தான் போயிருக்குமுங்கப்பா," என்று முடித்தாள்.

வீட்டில் நாலாவதாக ஒருவன் இருந்தான். கோகிலாவின் தம்பி விசாகன், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவன். தகப்பனார் தவறிய பிறகு அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. அட்டகாசமாகச் சிரிப்பான். மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்குவான். மாமா வரும் நேரத்தில் இரண்டையும் செய்ய மாட்டான். ஒருநாள் சாப்பிடும்போது, பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

"மத்தியானமெல்லாம் நீலமாத்தானுங்க மாமா இருக்குது."

கோகிலாவின் கையில் சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றது.

"அப்படிங்களா மாப்ள," என்றார் தெய்வசிகாமணி. மத்தியானம் விசாகன் வீட்டில்தான் இருக்கிறான், விளக்கு நீலமாக இருக்கிறது, ஆகவே விசாகனிடம் பழுதில்லை என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவர் நாற்பது வருடம் வார்ப்பைத் தட்டிப் பார்த்தவர். தன் கண்ணால் பார்க்காததைக் கணக்கில் சேர்க்க மாட்டார். நீலத்தைப் பார்த்ததாகச் சொல்பவன் ஒருவன்தான், அவனும் இந்த வீட்டில் பிறந்தவன் இல்லை, தாவி இறங்குகிறவன், தொட்டிக் கண்ணாடியில் தாளம் போடுகிறவன். அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரமே விசாகனை உட்காரவைத்துப் பேசினார். "காந்திபுரத்துல உங்க பயிற்சி மையத்துக்குப் பக்கத்துலயே விடுதி இருக்குதுங்க மாப்ள. போக வர நேரம் மிச்சம். உங்க நல்லதுக்குத்தானுங்க. முன்பணம் நானே கட்டிட்டேன்."

"சரிங்க மாமா," என்றான் விசாகன். அக்காவைப் பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். யாழிசை மாமனின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டு வந்து, தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

விசாகன் போன பிறகும் விளக்கு ஆரஞ்சாகவே இருந்தது. அதன் பிறகு மகளின் தோழிகள் வீட்டுக்கு வருவது நின்றது. மிக்சியை ஓட்டும் நேரம் மாறியது. கோகிலா வாரத்தில் சில நாள் மத்தியானம் ஈச்சனாரி கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். இவ்வளவு செய்தும் விளக்கு அசையாததால், தெய்வசிகாமணி கடைசியில் தன் தொழிலுக்கு ஏற்ற ஒரு முடிவுக்கு வந்தார். மீனில் பழுதில்லை, வீட்டில் பழுதில்லை, கருவியில்தான் பழுது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வீட்டில் சொல்லிக்கொண்டு, கடைக்குப் போனார்.

"மேடம், உங்க நீர்ச்செவி மேல நான் குறை சொல்லலைங்க. ஆனா அது ஒருநாள்கூட நீலமாகலை. ரிப்பேருங்க."

பெர்னதெத் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஒருநாள் கூடவா சார்?"

"ஒருநாள் கூட."

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, மேசைமேல் இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கடையில் வாங்குகிற தொட்டிகளின் மூடியில் ஒரு சின்னக் கேமரா வரும். மீனுக்குச் சீக்கு வந்தால் கடையிலிருந்தே பார்த்துச் சொல்வதற்கு. அவர்தான் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்திருந்தார். விரலால் இரண்டு மூன்று இடத்தில் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

திரையில் ஒரு தொட்டி. காளான் பவளங்கள் தட்டுத் தட்டாக விரிந்து கிடந்தன. மஞ்சள் காவல் மீன் பொந்தைவிட்டு முழுதாக வெளியே வந்து மணலில் படுத்திருந்தது. நடுத் தண்ணீரில், நெருப்பு மீன் ஒன்று முதுகிழையைச் சுண்டிச் சுண்டி ஆடிக்கொண்டிருந்தது. அடியில் நல்ல கெட்டி நீலம், மணலையே நீலமாக்கியிருந்தது.

தெய்வசிகாமணிக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது. "இப்படித்தானுங்க இருக்கோணும் தொட்டின்னா. யாரு வீட்டுதுங்க இது?"

பெர்னதெத் திரையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க வீடுதான் சார்."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். தொட்டிக்குப் பின்னால், கண்ணாடியின் மறுபக்கம், கலங்கலாக ஹால் தெரிந்தது. தரையில் மூன்று பேர் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசை வாங்கின நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் தரையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. யாழிசை எச்சில் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்கிறாள். கோகிலா சுவரில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். மூன்றாவது ஆள் விசாகன். ஆள் பாதியாகியிருந்தான். கழுத்தெலும்பு தெரிந்தது.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. தட்டிப் பார்த்தே பழகிய கை. போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

திரையில் யாழிசையின் கை ஆட்டம் பாதியில் நின்றது. கோகிலாவின் சிரிப்பு ஒரு நொடியில் எங்கேயோ போனது. விசாகன் தட்டோடு எழுந்தான். கோகிலா புடவையைச் சரிசெய்துகொண்டு, எங்கிருந்தோ அவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல, போனை நோக்கி நடந்தாள். நெருப்பு மீன் காணாமல் போனது. காவல் மீன் வாலை முதலில் விட்டுப் பொந்துக்குள் போயிற்று. காளான் பவளங்களின் விளிம்பு மெதுவாகச் சுருண்டது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு ஆரஞ்சுக்கு வந்தது.

"சொல்லுங்க," என்றாள் கோகிலா காதருகே.

"ஒண்ணுமில்லீங்க. சாப்டாச்சான்னு கேக்கத்தான்."

"இன்னும் இல்லீங்க. நீங்க வந்துருவீங்களா?"

"மெதுவாத்தான் வருவேன். அவசரமில்லை. எல்லாரும் சாப்பிடுங்க."

போனை வைத்தார். பெர்னதெத் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொம்பளை எதிரில் அவருக்கு, உடுத்தியிருந்த வேட்டி அவிழ்ந்து விழுந்தாற்போல் இருந்தது.

"நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டினதில்லைங்க," என்றார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது அது. "கை ஓங்கினதில்லை. டா போட்டுப் பேசினதில்லை. மீனுக்கு என்னங்க தெரியும் என்னைப் பத்தி?"

"மீனுக்கு உங்களைத் தெரியாது சார். அதுக்கு அந்த வீட்டைத்தான் தெரியும். நடக்குற அதிர்வு, பேச்சு, சிரிப்பு எல்லாம் தண்ணிக்குள்ள கேக்கும். நீங்க வந்தா வீட்டுல என்ன மாறுது?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் மாறாதுங்க. அமைதியாயிருவாங்க. அவ்வளவுதான்."

"அதான் சார். கடல்ல பவளப்பாறை சும்மாவே இருக்காது. கடகடன்னு ஒரே சத்தமாக் கெடக்கும். பெரிய மீன் ஏதாச்சும் வந்தாத்தான் அமைதியாகும். இதுங்க கடலையே பாக்காததுங்க. ஆனா அது மட்டும் மறக்கலை."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. அவளே தொடர்ந்தாள். "விளக்கு ரிப்பேருன்னு நிறையப் பேரு வந்திருக்காவ சார். எல்லாம் வீட்டுக்குப் பெரியவுங்கதான். பாதிப் பேரு விளக்கைக் கழட்டிருங்க, மீன் மட்டும் போதும்னு சொல்லிட்டுப் போயிருவாவ. நானும் கழட்டிக் குடுத்துருவேன். யாவாரம்லா. உங்களுக்கும் கழட்டணுமா?"

வேண்டும் என்றுதான் நாக்கு வரை வந்தது. அப்படி வந்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அடாவடி பண்ற மீனை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். "தூக்கிப் போட்டுருவீங்களா?"

"எதுக்குப் போடணும்? கொஞ்ச நாள் தனித் தொட்டியில விடுவோம். அதுக்குள்ள இங்க பாறையெல்லாம் மாத்தி அடுக்கிருவோம். மத்ததுங்க தனக்குன்னு ஒரு இடம் பிடிச்சுக்கிடும். பெறகு கொண்டாந்து விட்டா, எது தன்னோட இடம்னு அதுக்குத் தெரியாது. கடைசியா வந்தவன் மாதிரி ஒதுங்கி இருக்கும்."

"சரியாயிருமுங்களா?"

"சில மீனு ஆகும் சார். சிலது ஆகாது."

அவர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. இப்போது போனால் விசாகன் கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல் நிற்பான். தன் சொந்த அக்கா வீட்டில் சோறு தின்றதற்காக அந்தப் பையன் அப்படி நிற்க வேண்டுமா? மருதமலை அடிவாரம்வரை காரணமில்லாமல் போய், ஒரு பேக்கரியில் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, விசாகன் போயிருப்பான் என்று தோன்றும்வரை உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதன்முதலாக, தேநீரில் சர்க்கரை கூடியிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் ஹால் கூட்டித் துடைத்திருந்தது. தரையில் ஒரு பருக்கை இல்லை. ஒரு குற்றத்தின் தடயத்தை அழித்ததுபோல் அவ்வளவு சுத்தம். யாழிசை மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவர் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"விசாகனுக்கு உடம்புக்கு என்னங்க?"

கோகிலா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்ததும், பயம் வடிந்து ஒரு அசதி வந்தது.

"மஞ்சள் காமாலைங்க. விடுதித் தண்ணி ஒத்துக்கலை. முதல் நிலைத் தேர்வு எழுத முடியலை. கோயிலுக்குன்னு சொல்லிட்டு நான் கஞ்சி கொண்டுபோயிட்டிருந்தேன்."

"என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அவள் கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

"அந்த விளக்கு," என்றார் அவர். "அது என்னாலதான்னு உங்களுக்கு..."

"முதல் மாசமே தெரியுமுங்க. நீங்க பட்டறைக்குக் கெளம்பினதும் மாறிரும். யாழிசைதான் மொதல்ல பாத்தா. 'அம்மா, அப்பா போனதும் நீலமாயிருச்சு பாருங்க'ன்னு சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கலை."

"தெரிஞ்சுமா உங்க தம்பிய நான் அனுப்பறப்போ சும்மா நின்னீங்க?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" அவள் குரலையும் உயர்த்தவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அது பழக்கமில்லை. "'நல்லாக் கவனிச்சிருக்கீங்க, ஆனா'ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. ஒரு வாரம் அதுக்குப் பதில் தேடிட்டு இருந்திருப்பேன். அதுக்குப் பயந்துக்கிட்டு, கூடப் பொறந்தவன் பைய எடுத்துட்டுப் போறதைப் பாத்துட்டுத் துணி மடிச்சிட்டிருந்தேன். உங்களை விட எனக்குத்தானுங்க இப்ப அசிங்கமா இருக்குது."

ஒரு வார்ப்பைத் தட்டினால் உள்ளே இருப்பது தெரிகிறது. இருபது வருடம் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பற்றி அவருக்கு ஒரு துளியும் தெரியவில்லை.

மறுநாள் விடுதிக்குப் போய் விசாகனின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "தப்புப் பண்ணிட்டேனுங்க மாப்ள," என்று ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சொன்னார். விசாகன் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா," என்றான். அந்தப் பதற்றத்தைப் பார்க்கத்தான் அவருக்குச் சகிக்கவில்லை.

பையை வாசலில் வைத்துவிட்டு, தன் சோதனைப் பட்டறையின் மாடியில் தூசி படிந்து கிடந்த விருந்தினர் அறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் அங்கே இருக்கப் போவதாகவும், ஹாலை அவர்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி அடுக்கிக்கொள்ளும்படியும் கோகிலாவிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டறையில் வேலைக்காரர்கள் அவரை வினோதமாகப் பார்த்தார்கள். வார்ப்பைத் தட்டிவிட்டு ஆனா சார் வெறுமனே தலையசைக்கிறார், அல்லது உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பி வைக்கிறார். ஒரு சொல்லை விழுங்குவது இவ்வளவு கடினமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. விழுங்கின ஒவ்வொரு தடவையும், விழுங்காமல் விட்ட பழைய சமயம் ஒன்று ஞாபகத்துக்கு வந்து முகத்தைச் சுட்டது.

ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் கோகிலாவே அழைத்தாள். "சாப்பிட வாங்க," என்றாள்.

சாவி இருந்தும் அவர் அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது விசாகன். உள்ளே ஹால் அடையாளம் தெரியவில்லை. சோபா ஜன்னலோரம் போயிருந்தது. அவருடைய சாய்வு நாற்காலி எங்கே என்று கண் தேடியது. தேடாதே என்று கண்ணை அதட்டினார். எதிர்ச்சுவரில் தொட்டி. கதவு திறந்த அந்த ஒரு நொடி, நேரில், தன் சொந்த வீட்டில், அவர் நீலத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி உள்ளே ஒரு காலை வைத்தார். நெருப்பு மீன் பொந்தைப் பார்த்துப் பாய்ந்தது.

யாழிசை சோபாவிலிருந்து எழுந்தாள். அவசரமில்லாமல், ஏதோ எடுக்கப் போகிறவள்போல் நடந்து, தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பாவாடையை லேசாக விரித்துப் பிடித்திருந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கப்பா. நல்லா இருக்கீங்களா?"

விளக்கு அவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. இப்படி எத்தனையை மறைத்து நின்றிருக்கும் இந்தக் குழந்தை? அவர் மனம் நோகக் கூடாது என்றா, நொந்தால் என்ன வருமோ என்றா? அதைக் கேட்கும் தகுதியும் தனக்கில்லை என்று நினைத்தார்.

"நகந்துக்குங்க கண்ணு," என்றார். "அப்பா பாக்கோணும்."

யாழிசை முதலில் அம்மாவைப் பார்த்தாள். கோகிலா தலையசைத்த பிறகுதான் நகர்ந்தாள். விளக்கு ஆரஞ்சாக இருந்தது. நால்வரும் அதைப் பார்த்தார்கள்.

எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், வாசற்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். அது நீலமாகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தார். எழுந்து போனால்தான் நீலமாகுமோ என்றும் நினைத்தார்.